ஆமைகள் சாகப் போகும் குகை உண்டா? சிப்பாடான் ஆமைக் கல்லறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சபா மாநிலக் கடலில் சிப்பாடான் என்றொரு சிறு தீவு இருக்கிறது. அதன் பவளச் சுவருக்குள் ஆமைகளின் எலும்புக்கூடுகள் கிடக்கும் இருண்ட குகை ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரு கதையையும் சேர்த்தே கேட்டிருப்பார்கள். தம் இறுதிக் காலம் நெருங்கியதை உணரும் முதிய ஆமைகள், கூட்டத்தைவிட்டு விலகி, அமைதியாகச் சாவதற்காக அந்தக் குகையைத் தேடிச் செல்கின்றன என்பதே அந்தக் கதை. குகை உண்மை, எலும்புகளும் உண்மை. ஆனால் கதை உண்மையன்று. ஏன் என்பதை விளக்குவதற்காக, இதுபற்றி மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தக் குகை சரியாக எங்கே இருக்கிறது?

போர்னியோ தீவின் வடகிழக்கில், செம்பூர்ணா நகருக்குத் தெற்கே, சுலாவேசிக் கடலில் சிப்பாடான் இருக்கிறது. சில மணித்துளிகளில் சுற்றி நடந்துவிடக்கூடிய சிறிய தீவுதான். ஆனால் நீருக்கு மேலே தெரிவது அதன் உச்சி மட்டுமே. அணைந்துபோன எரிமலைக் கூம்பு ஒன்றின்மேல் பவள உயிரிகள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து எழுப்பிய இந்தக் கோபுரம் கடலடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. இதனால் கரையிலிருந்து இடுப்பளவு நீரில் சிறிது தூரம் நடந்தாலே, காலடியில் தரை முடிந்து, செங்குத்தான சுவர் கருநீல ஆழத்துக்குள் இறங்குவதைக் காணலாம். அந்தச் சுவரில், ஏறத்தாழ 18 மீட்டர் முதல் 20 மீட்டர் வரையிலான ஆழத்தில், குகையின் வாய் திறந்திருக்கிறது.

1980களின் இறுதியில் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவின் குழு இங்கே வந்து படம்பிடித்த பிறகே, தீவும் அதன் குகையும் உலகெங்கும் பேசப்பட்டன.

குகைக்குள் என்னதான் இருக்கிறது?

வாயில் அகலமானது. உள்ளே நுழைந்தவுடன் இருட்டிவிடுவதில்லை. திரும்பிப் பார்த்தால் வாயில் முழுவதும் நீல ஒளியாக நிறைந்திருக்கும். ஆனால் உள்ளே செல்லச் செல்ல அறை குறுகி, சுண்ணாம்புப் பாறைக்குள் கிளைவழிகள் பிரிகின்றன. ஒரு வளைவைக் கடந்ததும் அந்த நீல ஒளி முற்றிலும் மறைந்துவிடுகிறது. அதன் பிறகு கையில் விளக்கு இருந்தால்தான் எதையும் பார்க்க முடியும்.

எலும்புகள் இந்த இருண்ட பகுதியில்தான் கிடக்கின்றன. ஆமையின் ஓடு என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு அடுக்குகளாலானது. மேலே இருப்பது நம் நகத்தைப் போன்ற பொருளாலான தகடுகள். அவற்றின் கீழே, விலா எலும்புகளும் முதுகெலும்பும் ஒன்றாகப் பிணைந்த எலும்புக் கூரை. ஆமை இறந்த பிறகு மேல்தகடுகள் கழன்றுவிட, எலும்புக் கூரை எஞ்சுகிறது. ஓரங்களில் அதுவும் பிரிந்து, கவிழ்த்துப்போட்ட பழைய கூடையைப் போலத் தெரியும். பக்கத்திலேயே மண்டையோடு, கண்குழிகள் மேல்நோக்கியிருக்க, மெல்லிய வண்டலில் பாதி புதைந்து கிடக்கும். அலையோ வலுவான நீரோட்டமோ எட்டாத இடம் என்பதால் எலும்புகள் சிதறுவதில்லை. வெளிச்சமே படாததால் அவற்றின்மேல் பாசியும் பவளமும் படர்வதில்லை. திறந்த பவளத்திட்டில் இறக்கும் ஆமையின் எலும்புகளை அலை சிதறடித்துவிடும், எஞ்சியவற்றின்மேல் பவளம் படர்ந்துவிடும். குகைக்குள் இறந்தது மட்டும் நெடுங்காலம் அப்படியே இருக்கிறது.

"கல்லறை" என்னும் பெயரின் பாதி இரகசியம் இதில் இருக்கிறது. அங்கே ஒரே காலத்தில் பல ஆமைகள் வந்து கூடி இறக்கவில்லை. வெவ்வேறு காலங்களில் ஒவ்வொன்றாக இறந்தவற்றைக் குகை அழியாமல் வைத்திருக்கிறது. பார்ப்பவருக்கு அவை ஒரு கூட்டமாகத் தோன்றுகின்றன.

ஆமைகள் சாவதற்காகவே அங்கே போகின்றன என்பது ஏன் தவறு?

முதல் காரணம், சாகும் தறுவாயில் உள்ள கடலாமையால் அங்கே போகவே முடியாது என்பது. நோயுற்ற அல்லது நலிந்த கடலாமை பெரும்பாலும் மேல்நோக்கியே வருகிறது. நுரையீரலில் தொற்று ஏற்பட்டாலோ குடலில் வாயு சேர்ந்தாலோ அதன் உடல் மிதக்கத் தொடங்கிவிடும். உள்ளே மூழ்க முயன்றும் முடியாமல், பின்பகுதி மேலே தூக்கியபடி நீர்ப்பரப்பில் அலைந்துகொண்டிருக்கும். ஆமை மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்படும் நோயாளிகளில் இவ்வாறு மிதப்பவை ஏராளம். அலையும் காற்றும் அவற்றைக் கரையில் கொண்டுவந்து ஒதுக்குகின்றன. 20 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, சுவரிலுள்ள வாயிலைக் கண்டு, கிளைவழிகளுக்குள் நீந்திச் செல்லும் வலிமை, அன்று காலைவரை நலமாக இருந்த ஆமைக்கே உண்டு. குகையில் கிடப்பவை அத்தகைய ஆமைகளின் எலும்புகள் என்றே நான் கருதுகிறேன். அந்த எண்ணம் கதையைவிட அதிகமாக மனத்தை வருத்துகிறது.

இரண்டாவது காரணம், அந்தக் குகையில் டால்பினின் எலும்புகளும் கிடைத்திருப்பது. ஆமை ஊர்வன இனம், டால்பின் பாலூட்டி. ஒன்று பெரும்பாலும் தனித்தே திரிவது, மற்றது கூட்டமாக வாழ்வது. இவ்விரண்டும் சாவதற்கென ஒரே அறையைத் தேர்ந்தெடுத்தன என்பதைவிட, நுரையீரலால் மூச்சுவிடும் இரண்டு உயிர்களும் ஒரே பொறியில் சிக்கின என்பதே பொருந்தக்கூடிய விளக்கம்.

அப்படியானால் எதற்காக உள்ளே போகின்றன?

உறங்கவும் இளைப்பாறவும். சிப்பாடானைச் சுற்றி இரண்டு வகை ஆமைகள் மிகுதியாக உண்டு. ஒன்று, கடற்புல்லையும் பாசியையும் மேயும் பேராமை. மற்றொன்று, பறவையின் அலகைப் போன்ற கூரிய வாயால் கடற்பஞ்சுகளைப் பிய்த்துத் தின்னும் அழுங்காமை. இரண்டுமே இரைதேடாத நேரங்களில் பவளச் சுவரின் இடுக்குகளிலும் பாறை விளிம்புகளின் கீழும் உடலைச் செருகிக்கொண்டு ஓய்வெடுக்கும் பழக்கமுள்ளவை. சுறாக்களிடமிருந்து மறைவு கிடைக்கிறது. மேலே கூரை இருப்பதால், நுரையீரல் நிறையக் காற்றுடன் இருக்கும் உடல் மிதந்து எழாமல் நிலைகொள்கிறது. முதுகை மேற்பாறையில் உரசிச் சொறிந்துகொள்வதையும் முக்குளிப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

குகையின் வாயிலை ஒட்டிய பகுதி இதற்கெல்லாம் ஏற்ற இடம். அங்கே வந்து தங்கும் ஆமைகளில் பெரும்பாலானவை மூச்சுக்காக மேலே செல்கின்றன, திரும்பி வருகின்றன. ஒரு தீங்கும் நேர்வதில்லை. எப்போதோ ஒன்று, வெளிச்சமில்லாத இரவிலோ எதற்கோ மிரண்டோ, உள்நோக்கி ஒரு வளைவு அதிகமாகச் சென்றுவிடுகிறது.

கடலிலேயே வாழும் ஆமை நீரில் மூழ்கிச் சாகுமா?

சாகும். இதை நம்ப மறுப்பவர்கள் பலர் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கடலாமைக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போலவே நுரையீரலால்தான் சுவாசிக்கிறது. அசையாமல் உறங்கும் பேராமை, இதயத் துடிப்பைக் குறைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் நீருக்கடியில் இருக்க வல்லது. ஆனால் நீந்தி இரைதேடும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறையாவது மேலே வந்தாக வேண்டும். அச்சத்தில் போராடும்போது நிலைமை இன்னும் மோசம். தசைகள் சேமித்த உயிர்வளியை விரைந்து எரித்துவிடுகின்றன, இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது, மணிக்கணக்கில் தாங்கியிருக்கக்கூடிய அதே உடல் ஒரு மணி நேரத்துக்குள்கூட அடங்கிப்போகலாம். வழி தெரியாமல் தடுமாறும் ஆமைக்கு இருட்டுக் குகையில் நேர்வது இதுவே.

இதே மரணத்தை நம் கரையில் பார்க்கலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரத்தில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அவை மீன்பிடி வலைகளில் சிக்கி மூச்சடைத்து இறந்தவை என்பதே முதன்மையான காரணமாகப் பேசப்பட்டது. முட்டையிடும் பருவத்தில், ஆமை முட்டைகளைத் தேடிக் கரையோரம் செல்லும் இரவு நடைக்குச் சென்றபோது, விடியும் நேரத்தில், அப்படி ஒன்றை அருகில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. முதுகில் ஒட்டியிருந்த கொட்டலசுகள் இன்னும் ஈரமாகவே இருந்தன. கண்கள் இரண்டும் குழியைவிட்டுப் பிதுங்கியிருந்தன, கழுத்து பருத்திருந்தது, மூக்குத் துளையின் ஓரத்தில் இளஞ்சிவப்பு நுரை காய்ந்து மணலோடு ஒட்டியிருந்தது. முன்துடுப்புகளைத் தூக்கினால் முழங்கை மடங்குவதைப் போல் மெதுவாக மடங்கின. வெளியே எந்தக் காயமும் இல்லாத அந்த உடலைப் பார்க்கும் எவருக்கும், இது வயதாகித் தானே அடங்கிய உயிர் என்று எண்ணத் தோன்றும். சிப்பாடான் கதை பிறந்ததும் இவ்வாறே இருக்கலாம்.

போன வழியிலேயே திரும்பி வர ஏன் முடிவதில்லை?

டால்பினுக்கு ஒலியை எழுப்பி எதிரொலியால் வழியறியும் ஆற்றல் உண்டு. ஆமைக்கு அது கிடையாது. பெருங்கடலைக் கடந்து தான் பிறந்த கரையின் அருகே வந்துசேரும் அளவுக்குப் புவிக்காந்தப் புலத்தை உணரும் வல்லமை அதற்கு இருக்கிறது என்பது பல ஆய்வுகளால் நிறுவப்பட்டது. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் திசைகாட்டும் அந்த உணர்வு, சில மீட்டர் இடைவெளியில் இடப்பக்கக் கிளையா வலப்பக்கக் கிளையா என்பதைச் சொல்லாது. அருகில் வழிகாண ஆமை நம்பியிருப்பது கண்களையே. கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும்.

இன்னொரு இடரும் உண்டு. மூச்சு முட்டும் ஆமையின் உடல் அறிந்த ஒரே தீர்வு மேலே போவது. திறந்த கடலில் அது எப்போதும் சரியான தீர்வு. குகையில் மேலே போனால் கூரை. கூரையை ஒட்டியே தடவித் தடவிச் செல்லும் ஆமை, வெளியேற வேண்டுமானால் முதலில் கீழே இறங்க வேண்டும் என்பதை அறிய வழியே இல்லை. துடுப்புகள் அடிக்க அடிக்க அடித்தளத்து வண்டல் எழுந்து, இருந்த சிறு மங்கல் ஒளியையும் மறைத்துவிடுகிறது.

டால்பின் எப்படிச் சிக்கியது என்ற கேள்வி இங்கே எழும். எதிரொலி உணர்வு சுவர் எங்கே என்று சொல்லும். எந்த வழி வாயிலுக்குப் போகிறது என்று சொல்வதில்லை. டால்பினால் மூச்சடக்க முடிந்த நேரமோ ஆமையைவிட மிகக் குறைவு.

இந்தத் தீவுக்கும் ஆமைகளுக்கும் வேறு தொடர்பு உண்டா?

உண்டு, வியப்பான தொடர்பு. சிப்பாடானும் அருகிலுள்ள லிகித்தானும் யாருக்குச் சொந்தம் என்று இந்தோனேசியாவும் மலேசியாவும் வழக்காடின. பன்னாட்டு நீதிமன்றம் 2002 டிசம்பர் 17 அன்று மலேசியாவுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பழைய ஒப்பந்தங்கள் எவையும் உரிமையைத் தெளிவாக நிறுவாத நிலையில், தீவை நடைமுறையில் ஆண்டது யார் என்பதை நீதிமன்றம் பார்த்தது. அதற்குச் சான்றாக அமைந்தவற்றில் முக்கியமானது, வடபோர்னியோவின் பிரித்தானிய ஆட்சி 1917இல் ஆமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, இத்தீவுகளில் ஆமை முட்டை சேகரிப்பதை ஒழுங்குபடுத்தியது. 1933இல் சிப்பாடானைப் பறவைக் காப்பிடமாக அறிவித்ததும், 1960களின் தொடக்கத்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டியதும் மற்றச் சான்றுகள். ஆமைகள் முட்டையிட வந்ததால் ஒரு தீவின் உரிமை முடிவாயிற்று. சாவதற்காக அல்லாமல், பிறப்பிப்பதற்காக அவை அங்கே வந்துகொண்டிருக்கின்றன என்பதற்கு நீதிமன்ற ஆவணமே சாட்சியாக இருக்கிறது.

விலங்குகளுக்குச் சுடுகாடு உண்டு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

யானைகள் சாவதற்கென்று ஒரு காட்டுக்குப் போகும் என்ற கதை பழமையானது, பல நாடுகளில் சொல்லப்படுவது. யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. கடைசிப் பற்களும் தேய்ந்த பிறகு அதனால் மரப்பட்டையையும் முரட்டுப் புல்லையும் மெல்ல முடியாது. அதனால் முதிய யானைகள் மென்மையான தழை கிடைக்கும் நீர்க்கரைகளை நாடி, அங்கேயே தங்கி, அங்கேயே இறக்கின்றன. எலும்புகள் ஓரிடத்தில் சேர்கின்றன. யானை தேடி வந்தது உணவை. நாம் கண்டது எலும்பை.

சிப்பாடானில் தேடி வந்தது உறக்கத்தை. கதையின் அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

திமிங்கிலங்களுக்கு அப்படி ஓர் இடம் இல்லையா?

இல்லை. பெரும்பாலான திமிங்கிலங்கள் இறந்த இடத்திலேயே, அல்லது சிறிது மிதந்த பிறகு, கடலடிக்கு இறங்கிவிடுகின்றன. 1987இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் சாண்டா கேட்டலினா என்னும் கடலடிப் பள்ளத்தில், ஏறத்தாழ 1,240 மீட்டர் ஆழத்தில், கிரெய்க் ஸ்மித் என்னும் ஆய்வாளரின் குழுவினர் ஆல்வின் நீர்மூழ்கியில் சென்றபோது, 20 மீட்டர் நீளமுள்ள திமிங்கில எலும்புக்கூடு ஒன்றைத் தற்செயலாகக் கண்டார்கள். அதைச் சுற்றிச் சிப்பிகளும் புழுக்களும் நுண்ணுயிர்ப் படலங்களுமாக ஓர் ஊரே இருந்தது. அதன் பிறகே, ஆழ்கடலில் விழும் ஒரு திமிங்கில உடல் பல பத்தாண்டுகளுக்கு எத்தனையோ உயிர்களுக்குச் சோறு போடுகிறது என்பது தெரியவந்தது. முதலில் சுறாக்களும் விலாங்கைப் போன்ற பிணந்தின்னி மீன்களும் தசையைத் தின்கின்றன. பிறகு சிறு புழுக்களும் நண்டினங்களும் வருகின்றன. கடைசியில், எலும்பிலுள்ள கொழுப்பை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது வெளிவரும் கந்தகச் சேர்மத்தை நம்பி வாழும் கூட்டம் நெடுங்காலம் நீடிக்கிறது. 2002இல் மாண்டரே விரிகுடாவில் கண்டறியப்பட்ட ஒருவகைப் புழுவுக்கு வாயும் குடலும் கிடையாது. வேர் போன்ற உறுப்பால் அமிலம் சுரந்து எலும்பையே துளைத்து உண்கிறது. அங்கே கூடுபவை வாழ வந்தவை.

நம் கரையில் நடந்ததையும் பலர் கேட்கிறார்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு பகுதியில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. மீனவர்கள் இரவெல்லாம் அவற்றைக் கடலுக்குள் இழுத்துவிட்டும், பல மீண்டும் கரைக்கே வந்தன. 1973லும் இதே கரையோரத்தில் 140க்கும் மேற்பட்டவை ஒதுங்கின. இதனால் "மணப்பாடு திமிங்கிலங்களின் மயானம்" என்று சொல்லும் பேச்சு உண்டு. பைலட் திமிங்கிலங்கள் மிக நெருங்கிய உறவுக் கூட்டமாக வாழ்பவை. ஒன்று நோயுற்றோ திசை மாறியோ ஆழமற்ற நீருக்குள் வந்தால் மற்றவையும் விடாமல் பின்தொடர்கின்றன. சரிவு குறைந்த மணற்கரையில் இந்தப் பற்றே அவற்றுக்கு எமனாகிறது. தள்ளிவிட்டும் திரும்பி வந்தது சாவை விரும்பியன்று, கரையில் கிடந்த தம் இனத்தை விட்டுப் போகாததால்தான்.

சாகப்போகும் உயிரினங்கள் உண்மையிலேயே கூடும் இடம் கடலில் எங்குமே இல்லையா?

ஓர் இடத்தைச் சொல்லலாம். கலிபோர்னியாவின் மாண்டரே கரைக்கு அப்பால், டேவிட்சன் கடலடி மலையின் அருகே, 3,200 மீட்டர் ஆழத்தில், பேய்க்கணவாய் என்று நம் மீனவர்கள் அழைக்கும் ஆக்டோபஸ்களின் பெருங்கூட்டம் 2018இல் கண்டறியப்பட்டது. அங்கே ஏறத்தாழ 20,000 வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொன்றும் கைப்பிடியளவு உருண்டையாகச் சுருண்டு, உறிஞ்சிகள் வெளிப்பக்கம் தெரிய, பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தாய்கள். முட்டை பொரிந்ததும் தாய் இறந்துவிடும். இறந்த உடல்களைக் கடற்சாமந்திகளும் நத்தைகளும் தின்கின்றன. உயிரோடு இருப்பவற்றுக்கு நடுவே பிணங்களும் கிடக்கும் அந்தக் காட்சியை மட்டும் படத்தில் பார்த்த ஒருவர், கடலின் மயானத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைப்பார்.

ஆனால் அவை அங்கே வருவதற்குக் காரணம் வெப்பம். சுற்றியுள்ள கடல்நீரின் வெப்பநிலை 1.6 டிகிரி செல்சியஸ். பாறை இடுக்குகளிலிருந்து கசியும் நீரோ 11 டிகிரிவரை இருக்கிறது. கடுங்குளிரில் ஐந்து, எட்டு ஆண்டுகள் என்று நீளக்கூடிய அடைகாப்பு, இந்த வெதுவெதுப்பில் இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடுகிறது. அடைகாக்கும் காலம் குறையக் குறைய, முட்டைகள் பிறரால் தின்னப்படாமல் தப்பும் வாய்ப்புக் கூடுகிறது. அந்த இரண்டு ஆண்டும் தாய் பெரும்பாலும் எதையும் உண்பதில்லை. சாவு அதற்கு உறுதிதான்; ஆயினும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது குஞ்சுகளுக்காக. மகப்பேற்று மனை என்று சொல்லத்தக்க இடம் இது. இந்த ஒன்றைப் படிக்கும்போதெல்லாம் சற்று நேரம் அடுத்த பக்கத்துக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை.

மெக்சிகோ வளைகுடாவின் "சாவுக் குளம்" என்ன?

அது உப்புக் குளம். கடலடியில் புதைந்துள்ள பழைய உப்புப் படிவங்கள் கரைந்து, சாதாரணக் கடல்நீரைவிட நான்கைந்து மடங்கு உப்பான நீராகக் கசிந்து பள்ளங்களில் தேங்குகின்றன. அடர்த்தி மிகுதியால் மேலேயுள்ள நீருடன் கலப்பதில்லை. கடலுக்குள்ளேயே கரையும் பரப்பும் உள்ள தனிக் குளமாகத் தெரியும். உயிர்வளி இல்லை, மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் நிறைந்திருக்கின்றன. தவறி உள்ளே போகும் நண்டுகள் இறந்து, உப்பில் ஊறி அழுகாமல் கிடக்கின்றன. குளத்தின் விளிம்பிலோ, அந்த மீத்தேனை உணவாக்கும் நுண்ணுயிரிகளின் துணையால் சிப்பிகள் செழித்து வாழ்கின்றன. சிப்பாடான் குகைக்கு மிக நெருங்கிய உறவு இதுதான்: வாயிலில் வாழ்வு, உள்ளே பொறி.

சர்காசோ கடலைப் பற்றியும் இப்படிச் சொல்கிறார்களே?

மிதக்கும் பாசியில் கப்பல்கள் சிக்கி அழியும் இடம் என்று நூற்றாண்டுகளாகக் கற்பனை செய்யப்பட்ட அட்லாண்டிக் பகுதி அது. ஐரோப்பிய விலாங்கு ஆறுகளைவிட்டுப் பல ஆயிரம் கிலோமீட்டர் நீந்தி அங்கே போய்ச் சேர்வதும், திரும்பி வராததும் உண்மை. போவது இனப்பெருக்கத்துக்காக.

சிப்பாடான் குகைக்குள் நாம் போய்ப் பார்க்கலாமா?

தீவில் இப்போது தங்க முடியாது. 2004இன் இறுதிக்குள் விடுதிகள் எல்லாம் அகற்றப்பட்டுவிட்டன. நாளொன்றுக்கு இத்தனை பேர் மட்டுமே என்ற வரம்புடன் சபா பூங்காக்கள் துறை அனுமதிச் சீட்டு வழங்குகிறது. அருகிலுள்ள தீவுகளில் தங்கிக்கொண்டு பகலில் சென்று வரலாம்.

குகையைப் பொறுத்தவரை, வெளிச்சம் தெரியும் வாயில் பகுதியோடு நின்றுவிட வேண்டும் என்பதை மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். சாதாரண ஸ்கூபா பயிற்சி, இடர் வந்தால் நேரே மேலே போகலாம் என்ற அடிப்படையில் அமைந்தது. குகையில் அந்த அடிப்படையே இல்லை. ஆமைக்குக் கூரை எதுவோ அதுவே நமக்கும். குகை முக்குளிப்புக்கெனத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் வாயிலிலிருந்தே அறுபடாத வழிக்கயிறு கட்டிச் செல்கிறார்கள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு ஆபத்துக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு மூன்று விளக்குகள் வைத்திருக்கிறார்கள். தரையில் துடுப்புக்காலால் ஒருமுறை தவறாக உதைத்தாலே வண்டல் எழுந்து, கையில் எரியும் விளக்கே கண்ணுக்குத் தெரியாமல் போகும். "எலும்பை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்பது போதிய காரணம் ஆகாது. எலும்புகளைத் தொடவோ எடுக்கவோ கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வாயிலில் கம்பி போட்டு அடைத்துவிட்டால் ஆமைகள் பிழைக்குமே?

பரிவிலிருந்து வரும் கேள்வி இது. அதனாலேயே இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அந்த வாயில் பகுதி பல ஆமைகளுக்குப் பயன்படும் ஓய்விடம். எண்ணற்ற ஆண்டுகளில் சேர்ந்த எலும்புகளைப் பார்த்துவிட்டு, அதை நாள்தோறும் நடக்கும் கொலையாக நாம் எண்ணிவிடக் கூடாது. பாறையில் இயற்கையாக அமைந்த குகையில் எப்போதோ ஓர் ஆமை வழிதவறுவது அந்த இனத்தை அழித்துவிடாது.

கம்பி தேவைப்படும் இடம் வேறு. படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவை மடியின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் ஒரு கம்பிச் சட்டம் இருக்கிறது. இறாலும் சிறு மீனும் கம்பிகளுக்கு இடையே புகுந்து மடிக்குள் போய்விடும். ஆமையின் உடல் கம்பியில் மோதி, சரிவில் வழுக்கி, பக்கத்திலுள்ள திறப்பின் வழியாக வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி இதை வடிவமைத்திருக்கிறது. இது பொருத்தப்படாததைக் காரணம் காட்டியே அமெரிக்கா 2019 முதல் இந்தியாவில் கடலில் பிடிக்கும் இறாலை வாங்க மறுக்கிறது. அந்தக் கம்பிச் சட்டத்தைப் பொருத்தினால் பிடித்த மீனில் ஒரு பகுதியும் அந்தத் திறப்பின் வழியே போய்விடும் என்று படகுக்காரர்கள் அஞ்சுகிறார்கள். டீசலுக்கே கடன்பட்டுக் கடலுக்குப் போகிறவர்களின் அச்சம் அது, அதைத் தள்ளிவிட முடியாது. இழப்பை ஈடுகட்டும் ஏற்பாட்டுடன் சட்டத்தைக் கொடுத்தால் பொருத்துவார்கள் என்றே நம்புகிறேன். ஜனவரி முதல் ஏப்ரல்வரை, பங்குனி ஆமைகள் நம் கரைக்கு முட்டையிட வரும் நான்கு மாதங்களில், அது மடியில் இருந்தாக வேண்டும்.